தலையெழுத்தா?

நம் அன்னையைக் கருப்பைப் புற்றுநோய் கொண்டு சென்றபோது, "அவள் தலையெழுத்து" என்றனர். தாய்மாமனைக் குடற்புற்று மாய்த்தபோது, "குலசாபம்" என்றனர். பரிகாரம் செய்தனர், பணம் கரைந்தது, நோய் கரையவில்லை. நாமோ, மேடைதோறும் விதியை எள்ளி நகையாடியவர்கள்! எனினும், 42 வயதுத் தமக்கைக்கும் குடலிலே கட்டி என்று கேட்ட அன்று, நம் உள்ளத்தின் ஒரு மூலையில் 'சாபம்' என்ற சொல் தலைகாட்டிற்று. வெட்கந்தான், ஆயினும் மறைப்பதற்கில்லை.

அறுத்தெடுத்த கட்டியை மருத்துவர் ஆய்வுக்கு அனுப்பினார். உயிரணு பெருகும்போது மரபணுவில் நேரும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று அக்கட்டியில் இல்லை! "கட்டியில் மட்டும் நேர்ந்த குறையாகவும் இருக்கலாம், பிறவியிலேயே வந்ததாகவும் இருக்கலாம். இரத்தத்தைச் சோதித்தே சொல்ல முடியும்" என்றார். சோதித்தனர். பிறவிக் குறைதான். லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர்.

1895-இல், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே தையல் வேலை செய்த பெண்ணொருத்தி, தன் குடும்பத்தார் பலரைப் போலத் தானும் புற்றுநோயால் மாளப்போவதாக ஆல்ட்ரெட் வார்தின் என்ற மருத்துவரிடம் சொன்னாள். சொன்னபடியே மாண்டாள். அவர் அதை விதி என்று விட்டுவிடவில்லை; அக்குடும்பத்தின் நோய் வரலாற்றைத் திரட்டி 1913-இல் வெளியிட்டார். அக்குடும்பத்தில் பிழைபட்ட மரபணு எதுவென்பது 2000-இல் தெரிந்தது. சாபத்தைச் சான்றாக மாற்ற நூறாண்டு உழைத்தது அறிவு!

பெற்றோரில் ஒருவரிடம் இப்பிழை இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. மகனென்றும் மகளென்றும் அது பார்ப்பதில்லை. அறிந்தவர், காலந்தவறாது குடலை உள்நோக்கிக் கருவியால் ஆராய்ந்து, புற்றாக மாறுமுன் முளையை அகற்றலாம். அறியாதவர்?

நாமும் இரத்தம் கொடுத்தோம். நம்மிடமும் அப்பிழை உண்டு. "வெளியே சொல்லாதே, வீட்டில் மணமாகாத பெண் இருக்கிறாள்" என்றார் சிற்றப்பா. மூன்று நாள் வாய்மூடிக் கிடந்தோம். சாபத்தை விரட்டிவிட்டுச் சந்தைப் பேச்சுக்கு அஞ்சுவதா பகுத்தறிவு? நான்காம் நாள் மகளிடம் சொன்னோம். அந்த இருபது வயதுப் பெண் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பாட்டிக்கு இதைச் சொல்ல ஆளில்லை; எனக்கு நீங்கள் இருக்கிறீர்கள். எப்போது போகலாம், அப்பா?" என்றாள்.

அவளுடைய முடிவு இன்னும் வரவில்லை. எதுவாயினும், அது எவனும் அவள் தலையில் எழுதியதன்று, படித்தறியக்கூடிய எழுத்து. தோழர்களே, உங்கள் இல்லத்திலும் இளவயதிலே புற்றுநோயால் மறைந்தோர் இருப்பின், அவர்தம் பெயரையும் வயதையும் நோயையும் ஒரு தாளில் எழுதுங்கள். சோதிடரிடம் அன்று, மருத்துவரிடம் கொடுங்கள்.