மாத்தளையில் ஐம்பது லீற்றர் கடல்

மாத்தளை நகரில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான் கண்ணில் படும். கடலைப் பார்க்க வேண்டுமானால் அலுவிகாரை, நாலந்தை, நாவுல என்று ஏ9 வீதியில் தம்புள்ளை வரை போய், அங்கிருந்து ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலைக்கு இறங்க வேண்டும். பஸ் மாறி ஏறினால் அரை நாள் போய்விடும். ஆனாலும் இந்த ஊருக்கும் கடலுக்கும் பழைய உறவு உண்டு. கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழ்நாட்டிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய எங்கள் முன்னோர், காட்டுவழியே நடந்து வந்து சேர்ந்த மலையூர் மாத்தளை. 2023 இல், மலையகத்தின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து நடந்தவர்களும் மாத்தளையில்தான் நடையை முடித்தார்கள்.

நான் சொல்லப் போகும் அக்கா, அந்த வழியில் மறுபக்கமாகப் போனவர். மாத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தார். 1977 வன்செயலுக்குப் பிறகு பெற்றோர் அவரை வன்னிக்குக் கூட்டிப் போனார்கள். முல்லைத்தீவுக் கரையில் ஒரு கடற்றொழிலாளியைக் கைப்பிடித்தார். 2009 க்குப் பின்னர் மகளோடு மட்டும் உறவினர் வீட்டுக்குத் திரும்பி வந்தார். கணவரைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

2023 இல் சுயதொழில் உதவிக்காகப் பெண்களின் பெயர்களைப் பதியச் சென்றபோது அவரைச் சந்தித்தேன். தையல் இயந்திரம், கோழிக்கூடு, காளான் என்று வழமையான பட்டியலை வாசித்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "மிஸ், மீன் தொட்டி வைக்க ஏலுமா? கடல் மீன்" என்றார். நான் படிவத்தில் "அலங்கார மீன் வளர்ப்பு" என்று எழுதினேன். பல்கலைக்கழகத்தில் தேவை மதிப்பீடு பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தவள் நான். அவர் சொன்னதை எழுத அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கவில்லை. வேறு காகிதத்தில் எழுதி வைக்க எனக்கும் தோன்றவில்லை.

அலங்கார மீன் என்றால் வருமானம் தருவது நன்னீர் மீன்தான். நம் நாட்டு அலங்கார மீன் ஏற்றுமதியில் கப்பி மீனுக்குப் பெரிய இடமுண்டு. அதை வீட்டு முற்றத்துச் சீமெந்துத் தொட்டியிலேயே பெருக்கலாம். நக்டா என்று சுருக்கமாக அழைக்கப்படும் நீருயிரின வளர்ப்பு அதிகாரசபையின் மீன் இனப்பெருக்க நிலையமொன்று இதே மாவட்டத்தில், தம்புள்ளையில் இருக்கிறது. கடல் மீன்கள் அப்படியல்ல. அவற்றில் பெரும்பாலானவை இன்றும் கடலில் பிடிக்கப்பட்டே விற்கப்படுகின்றன. ஆகவே சகோதரிகளே, கடல்நீர்த் தொட்டி வைத்துப் பிழைக்கலாம் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். அது செலவு வைக்கும் ஆசை. ஆசைப்படுவது பிழை என்று நான் சொல்லவில்லை.

அந்த ஆசையில் நான் ஏற்கனவே ஒருமுறை சூடுபட்டிருந்தேன். 2022 ஆரம்பத்தில் என் வீட்டில் சிறு தொட்டியொன்று வைத்தேன். உப்புநீர் கலந்தேன், மூன்றாம் நாளே இரண்டு நீலநிறச் சிறுமீன்களை வாங்கி விட்டேன். ஒரு கிழமைக்குள் இரண்டும் மல்லாந்து மிதந்தன. கடைக்காரரைக் குறை சொன்னேன். பிழை என்னுடையது. மீனின் கழிவிலும் மிஞ்சிய உணவிலும் இருந்து அமோனியா உண்டாகும். அது மீனுக்கு நஞ்சு. கண்ணுக்குத் தெரியாத ஒருவகை பக்டீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும், வேறொரு வகை அதைத் தீமை குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இந்தப் பக்டீரியாக்கள் மணலிலும் கல்லிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு கிழமை வேண்டும். அதுவரை தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் மீன் வாழாது.

அக்காவுக்கு இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமான தொட்டி வாங்கினோம். மணல் போட்டால் ஏறத்தாழ ஐம்பது லீற்றர் தண்ணீர் பிடிக்கும். நிரம்பினால் அறுபது கிலோவுக்கு மேல் பாரம். ஆடும் மேசையில் வைக்கக்கூடாது. சமையல் உப்பைக் கரைத்துக் கடல்நீர் செய்யவும் முடியாது. அதில் கடல்நீரிலுள்ள மக்னீசியம், கல்சியம் முதலானவை இல்லை, அயடீனும் சேர்த்திருக்கிறார்கள். மீன்தொட்டிக் கடைகளில் இதற்கென்று விற்கும் உப்பை லீற்றருக்கு 35 கிராம் அளவில் கலக்கலாம். குழாய்த் தண்ணீராக இருந்தால் குளோரீனை முதலில் போக்க வேண்டும். நான் வேறு யோசித்தேன். திருகோணமலையில் எனக்கொரு பயிற்சிப் பட்டறை இருந்தது. மூன்று கலன்களை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பட்டறை முடிந்த மறுநாள் காலை நிலாவெளிக்குப் போனேன். கரையோரத் தண்ணீரில் மணலும் குப்பையும் கலந்திருக்கும் என்று சொல்லி, ஒரு மீனவர் தன் படகில் போய் அலைக்கு அப்பால் கலன்களை நிரப்பி வந்தார். எதிரே புறாமலைத் தீவு தெரிந்தது. 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கிருந்து ஒரு பவளத் துண்டையும் எடுக்கக்கூடாது. உயிருள்ள பவளப்பாறையைப் பெயர்ப்பது எங்குமே சட்டப்படி குற்றம். தொட்டிக்கு அழகு என்று யாராவது கொண்டுவந்து தந்தாலும் வாங்காதீர்கள். நாங்கள் மண்சட்டி ஓடுகளை அவித்துக் கழுவி அடுக்கினோம். நுண்துளைகள் உள்ள ஓட்டில் பக்டீரியாக்களும் குடியிருக்கும், மீனும் ஒளிந்துகொள்ளும்.

திரும்பும்போது கொண்டக்டர் மூன்று கலனையும் பார்த்து, "என்ன அக்கா, மாத்தளையில தண்ணி இல்லையா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. போர்க் காலத்தில் இந்த வீதியில் ஐம்பது லீற்றர் திரவத்தோடு வந்திருந்தால் எத்தனை சோதனைச் சாவடியில் இறக்கி ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கலனைத் திறந்ததும் அக்கா விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். ஒன்றும் சொல்லாமல் குசினிக்குள் போனார். வெகுநேரம் கழித்துத் தேநீரோடு வந்தார்.

துணியால் வடித்துத் தொட்டியில் ஊற்றினோம். பக்டீரியா பெருக உணவு வேண்டுமென்று ஒரு சிறு இறால் துண்டைப் போட்டு, காற்று மோட்டரை ஓடவிட்டோம். பிறகு காத்திருப்புத்தான். அயலவர்கள் வந்து பார்த்து, "வெறும் தண்ணிய வளர்க்கிறாங்க" என்று கேலி செய்தார்கள். மூன்றாவது கிழமை கண்ணாடியில் பழுப்புப் பாசி படிந்தது. அக்கா பயந்துபோய் எனக்குத் தொலைபேசி எடுத்தார். அது நல்ல சகுனம் என்றேன். அமோனியாவைச் சோதிக்கும் மருந்துக் குப்பியில் நிறம் மாறாத நாள் வர ஆறாவது கிழமையும் முடிந்துவிட்டது. அதன் பிறகே கண்டியிலிருந்து இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. கடலில் பிடிக்காத, தொட்டியிலேயே பொரித்த குஞ்சுகளாகக் கேட்டு வாங்கினோம். இந்த மீன்கள் எல்லாம் பிறக்கும்போது ஆண்தான். கூட்டத்தில் பெரியது பெண்ணாகும். அந்தப் பெண் இறந்தால் அடுத்த பெரிய ஆண், பெண்ணாக மாறித் தலைமை ஏற்கும். இதைச் சொன்னபோது அக்கா வாய்விட்டுச் சிரித்ததை முதன்முறையாகக் கண்டேன்.

பராமரிப்பு கடினமல்ல, தவறவிடக் கூடாது, அவ்வளவுதான். தினமும் ஒரு சிட்டிகைத் தீன். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஐந்து லீற்றர் நீரை எடுத்துவிட்டுப் புதிய உப்புநீர் ஊற்ற வேண்டும். அதற்காகவே ஒரு கலன் நிழலில் இருக்கிறது. வெப்பம் 24 முதல் 27 பாகைக்குள் நிற்க வேண்டும் என்பதால் மாத்தளையின் மார்கழி, தை இரவுகளுக்குச் சிறிய ஹீற்றர் ஒன்று தேவைப்பட்டது. மின்சாரம் நின்றால் மீனுக்கு மூச்சு முட்டும். 2022 இல் ஒரே நாளில் 13 மணித்தியாலம் இருட்டில் இருந்ததை மறக்காததால், பற்றரியில் ஓடும் காற்று மோட்டரொன்றை முதலிலேயே வாங்கி வைத்திருந்தோம்.

ஒரு நாள் நான் போனபோது, தொட்டியின் பக்கத்தில் நெயில் பொலிஷால் கோடு கீறியிருந்தார். வற்றும்போது தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும். ஆகவே குறைந்த அளவுக்கு நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புநீர் அல்ல. ஒருமுறை சொல்லியிருந்தேன். தினமும் காலையில் குளோரீன் போக வைத்த தண்ணீரைத் தம்ளரில் எடுத்து அந்தக் கோடு வரை ஊற்றுகிறாராம். பேத்தி தொட வந்தாலும் அந்த வேலையை விட்டுக்கொடுப்பதில்லை.

நிழலில் வைத்த கலன் இப்போது வெறுமையாகிவிட்டது. கடையில் உப்பு வாங்கிக் கலக்கலாமே என்றேன். அக்கா மூன்று கலன்களையும் கழுவிக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்திருந்தார். "அடுத்த முறை நிலாவெளிக்குப் போகேக்க சொல்லுங்கோ மிஸ்" என்றார். "நானும் வாறன்."