கைக்காசும் காலி மனையும்

2016-ஆம் வருஷம் ஆவணி முடியும் தறுவாயில் தொடங்கி ஐப்பசி முடிவதற்குள், எங்கள் அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துக் குடும்பங்கள் இரண்டு அடிகளை அடுத்தடுத்து வாங்கின. செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. விளைநிலங்கள் வரைமுறை இல்லாமல் பிளாட்டுகளாக மாறுவதை எதிர்த்து வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் தொடுத்த பொதுநல வழக்கு அது. நவம்பர் 8 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். 500, 1000 ரூபாய் நோட்டுகள் அன்று நள்ளிரவோடு செல்லாமல் போயின. இடையில் 60 நாள். மனை வைத்திருந்தவர் விற்க வழியில்லாமல் நின்றார். நோட்டாக வைத்திருந்தவர் செலவழிக்க வழியில்லாமல் நின்றார்.

காலம் சரியில்லையே, இப்போது இடம் வாங்குவதா, பணத்தைக் கையில் வைத்துக்கொள்வதா என்று யார் கேட்டாலும் எனக்கு அந்த 60 நாள் நினைவுக்கு வந்துவிடும். நிலம்தான் பாதுகாப்பு என்பவர்களும் சரி, ரொக்கம்தான் பாதுகாப்பு என்பவர்களும் சரி, அந்த மாதங்களை இந்தப் பக்கத்தில் இருந்து கடந்திருந்தால் இத்தனை உறுதியாகப் பேச மாட்டார்கள்.

அந்தத் தடை இங்கே ஏன் அவ்வளவு வலித்தது? ஆவடியைத் தாண்டினால் பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை என்று ரயில் பாதையின் இரண்டு பக்கமும் வெள்ளையடித்த எல்லைக் கற்கள் நட்ட மனைப்பிரிவுகள். ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏற்றிக்கொண்டு போய், மதியச் சாப்பாடும் போட்டு, மாதத் தவணையில் விற்றார்கள். நகரமைப்புத் துறை அங்கீகாரம் என்று ஒன்று உண்டு என்பதே வாங்கியவர்களில் பலருக்குத் தெரியாது. பஞ்சாயத்துத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தால் போதும் என்று நம்பினார்கள். தொழிற்பேட்டைப் பட்டறையில் லேத் ஓட்டியவர், ஆயத்த ஆடை கம்பெனியில் தைத்த பெண், பேருந்து நடத்துநர் எனச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அரை கிரவுண்டு வாங்கிப் போட்டவர்கள்தான் அதிகம். மகள் கல்யாணத்துக்கு விற்றுக்கொள்ளலாம் என்பதுதான் அவர்கள் கணக்கு. தையில் முகூர்த்தம் குறித்துவிட்டு, ஐப்பசியில் மனைக்கு ஆள் பார்த்து, பதிவு அலுவலகத்தில் திருப்பி அனுப்பப்பட்ட வீடுகளை நான் அறிவேன். அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முன் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் 2017 மே மாதம்தான் வந்தன. அதற்குள் பல கல்யாணங்கள் வட்டிக் கடனில் நடந்து முடிந்திருந்தன.

பண விஷயம் வேறு மாதிரி. வங்கியில் போட்டிருந்தவர்கள் வரிசையில் நின்றார்கள், வாரம் 24,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் அல்லாடினார்கள், ஆனால் அவர்கள் பணம் குறையவில்லை. அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் பெண்கள் சேர்த்த சிறுவாடுதான் வெளியே வந்தது. கணவனுக்குத் தெரியாமல் வைத்திருந்த அந்தப் பணம் எத்தனை வீடுகளில் அவசரத்துக்குக் கைகொடுத்திருக்கும்! அன்று எல்லோருக்கும் முன்னால் எண்ணப்பட்டு, ஆண்களின் கணக்கில் போய்ச் சேர்ந்தது. அது மறுபடி அந்தப் பெண்களின் கைக்கு வந்ததா என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

ஆக, நிலம் என்று ஒரே பொருள் கிடையாது, பணம் என்றும் ஒரே பொருள் கிடையாது. குடியிருக்கும் வீடு ஒன்று, அங்கீகார எண் உள்ள காலி மனை வேறொன்று, ஏரி வாய்க்காலை ஒட்டிய மனை இன்னொன்று. கட்டி முடியாத அடுக்குமாடியில் பணம் கட்டி வாங்கும் ஃபிளாட் இவை எதிலும் சேராது. போரூர் அருகே மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் இடிந்து விழுந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் வெளியூர், வெளிமாநிலக் கட்டடத் தொழிலாளர்கள். பக்கத்திலேயே நின்ற இன்னொரு கட்டடத்தையும் 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். இதுவும் அந்த 60 நாளுக்குள் வருகிறது. அங்கே ஃபிளாட் பதிவு செய்திருந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். வங்கிக் கடனுக்குத் தவணை மட்டும் மிஞ்சியது.

என் அக்கா வீட்டுக்காரர் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1961-இல் தொடங்கிய தொழிற்சாலை அது. அரசுத் துறையாகவே இருந்ததை 2021 அக்டோபர் 1 முதல் கம்பெனியாக மாற்றினார்கள். மாற்றம் வரும் வரை அவர் வீட்டில் தூக்கம் இல்லை. இந்த ஊரில் நிச்சயமின்மை என்பது பங்குச் சந்தையில் தொடங்குவதில்லை, ஆலை வாசலில் தொடங்குகிறது. அம்பத்தூர் டன்லப் டயர் ஆலை தொண்ணூறுகளின் கடைசியில் மூடுவதும் திறப்பதுமாகத் தள்ளாடி, பின்னர் ஒரேயடியாக நின்றுபோனதைப் பார்த்தவர்கள் நாங்கள். அங்கே வேலை பார்த்தவர்களில் சொந்த வீடு இருந்தவர்கள் வாடகை இல்லாமல் தாக்குப்பிடித்தார்கள். கையில் பணம் இருந்தவர்கள் பிள்ளைகளின் படிப்பை நிறுத்தாமல் தாக்குப்பிடித்தார்கள். காலி மனை மட்டும் வைத்திருந்தவர்கள்தான் முதலில் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அக்கா வீட்டுக்காரரான மாமாவுக்கு ஓய்வுப் பணம் வந்ததும் வேப்பம்பட்டில் ஒரு மனை சொன்னார்கள். 30 லட்சம். "நிலம் எங்கயும் ஓடிப் போவாதுடா. பேங்க்ல போட்டா கரைஞ்சு போயிடும்" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதால் நான் உட்கார்ந்து அவரோடு கணக்குப் போட்டேன்.

முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம்: 2,70,000. அது பதிவு நாளன்றே போய்விடும், திரும்பி வராது. அதே 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால்? 2023 ஏப்ரலில் அதன் உச்சவரம்பை 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தி, வட்டியை 8.2 சதவீதமாக்கினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் கைக்கு வரும். ஐந்து வருஷத்தில் 12,30,000. வட்டிக்கு வருமான வரி உண்டு, அதைத் தள்ளிக்கொள்ளலாம். இருந்தாலும் மனையை ஐந்து வருஷம் கழித்து 45 லட்சத்துக்கு விற்றால்தான் இரண்டும் சமம். ஒன்றரை மடங்கு. அதுவரை வேலிக்கும் முள் வெட்டவும் ஆகும் செலவு தனி.

"ஏறாதா? மெட்ரோ வருதே, டைடல் பார்க் வந்தாச்சே" என்றார். பட்டாபிராம் டைடல் பார்க் 2024 நவம்பரில் திறந்தது உண்மை. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை மெட்ரோ பாதை எழும்பியதும் உண்மை. ஆனால் அறிவிப்புக்கும் ஊராவதற்கும் நடுவே எத்தனை வருஷம் ஆகும் என்பதற்குப் பூந்தமல்லிக்கு அடுத்த திருமழிசையைப் பார்த்தால் போதும். 2011-இல் அங்கே 300 ஏக்கருக்கு மேல் துணை நகரம் வரும் என்று அரசு அறிவித்தது. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையில் கொரோனா பரவியபோது, மொத்தக் காய்கறி வியாபாரத்தை அந்தத் துணை நகரத்துக்கான வெட்டவெளிக்குத்தான் மாற்றினார்கள். அறிவிப்பை நம்பி அக்கம்பக்கத்தில் மனை வாங்கியவர்களுக்கு ஒன்பது வருஷத்தில் கண்ணுக்குத் தெரிந்தது தக்காளிக் கூடைகள்தான். அறுபது வயதில் ஒருவரால் எத்தனை வருஷம் காத்திருக்க முடியும் என்பதையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

மாமா சொன்னதில் இருந்த அந்தப் பாதி உண்மையை நான் மறைக்கவில்லை. பணம் கரையத்தான் செய்கிறது. 2020-21-இல் சில்லறை விலைவாசி சராசரியாக 6.2 சதவீதம் ஏறியபோது பெரிய வங்கிகளின் ஒரு வருஷ வைப்புக்கு 5 சதவீத அளவில்தான் வட்டி. அந்த ஏக்கத்தில்தான் மக்கள் அதிக வட்டி தருபவனிடம் போகிறார்கள். அமைந்தகரையில் இயங்கிய ஆருத்ரா கோல்டு நிறுவனம் ஒரு லட்சத்துக்கு மாதம் 30,000 வரை தருவதாகச் சொல்லி, ஏறக்குறைய ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வாங்கி ஏமாற்றியதாக வழக்கு. அதில் போட்டதையும் ரொக்கம் என்று சொல்லிக்கொண்டவர்கள் இருந்தார்கள். முறையான வங்கியிலும், ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைக்கும்தான் வைப்புக் காப்பீடு. 2020 பிப்ரவரிக்கு முன் அது ஒரு லட்சமாக இருந்தது. அடுத்த மாதமே யெஸ் வங்கியில் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று கொஞ்ச நாள் கட்டுப்பாடு வந்தது. அதனால் ஒரே இடத்தில் போடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு எனக்கு ஒன்றில் சந்தேகம் இல்லை: கையில் இருக்கும் கடைசி லட்சம் வரை துடைத்துக் கொடுத்து வாங்கும் காலி மனைதான் இருப்பதிலேயே அபாயமானது. ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் மனையின் ஒரு மூலையை மட்டும் விற்க முடியாது. நகையாவது இரண்டு வளையலைத் தனியாகக் கழற்றி அடகு வைக்கலாம். மனையை முழுசாகத்தான் விற்க வேண்டும், அதுவும் வாங்குகிறவன் சௌகரியத்துக்கு. நமக்குக் கஷ்டகாலம் என்றால் ஊருக்கும் கஷ்டகாலமாகவே இருக்கும். அப்போது வாங்க ஆள் வராது. 2017 ஜூனில் அரசே வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது பத்திரப்பதிவு படுத்துவிட்ட பிறகுதான்.

இதே ஆவடியில் இன்னொரு வழியும் இருந்தது. எழுபதுகளின் கடைசியில் உலக வங்கிக் கடனில் தொடங்கிய நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் அரும்பாக்கம், வில்லிவாக்கம் என்று ஆரம்பித்து, முகப்பேர், அம்பத்தூர், ஆவடி வரை வந்தது. வீடு கட்டித் தரவில்லை. சாலை, குடிநீர், கழிவுநீர்க் குழாயோடு சின்னச் சின்ன மனையாகப் பிரித்துத் தவணைக்குக் கொடுத்தார்கள். அக்கா வீடு அப்படி வந்த மனையில்தான் நிற்கிறது. முதலில் ஒரு அறை, அப்புறம் ஷீட் போட்ட சமையலறை, போனஸ் வந்த வருஷம் தளம். எந்தக் கட்டத்திலும் கை முழுக்கக் காலியாகவில்லை. அந்தத் திட்டத்தைச் சுமார் என்று ஒதுக்கியவர்கள், இருபது வருஷம் கழித்துப் பார்த்தபோது நல்ல குடியிருப்புகளாக வளர்ந்திருப்பதைக் கண்டார்கள். அரசு மறுபடியும் அப்படிச் செய்ய வேண்டும் என்று மனசாரக் கேட்கிறேன். இன்று அக்கா மகனுக்கு அந்த வழி இல்லை. அவனுக்கு முன்னால் இருப்பது பூந்தமல்லியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட், 20 வருஷக் கடன்.

அவனுக்கு நான் சொன்னது வேறு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஐ.டி. வேலை, வாடகை வீடு, குழந்தை பள்ளிக்கூடம் போகப் போகிறது. குடியிருக்க என்றால் வாங்கு. விலை இறங்கினாலும் நீ அங்கேதான் தூங்கப் போகிறாய். ஆனால் வேலை போனாலும் ஒரு வருஷத் தவணை கட்டும் பணத்தைத் தனியாக வைத்த பிறகுதான் கையெழுத்துப் போடு. மே மாதத்தில் இடத்தைப் பார்க்காதே, கார்த்திகையில் போய்ப் பார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் எங்கே நின்றது என்று அங்கே இருக்கும் மளிகைக் கடைக்காரரைக் கேள். "மாமா, பில்டர் வெள்ளமே வராதுன்றாரு" என்றான். கடைக்காரரைக் கேட்டுவிட்டு வந்து சொல் என்றேன். போய்க் கேட்டான், முதல் பிளாக்கை விட்டுவிட்டு, மேட்டில் இருக்கும் இரண்டாவது பிளாக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மாமா பெரும்பகுதியை அஞ்சலகத்தில் போட்டுவிட்டார். வேப்பம்பட்டு ஆசை விடவில்லை. மீதியில் பாதி கிரவுண்டாவது வாங்கலாம் என்கிறார். அங்கீகார எண்ணும் பட்டாவும் காட்டிவிட்டார்கள், வில்லங்கச் சான்றையும் எடுத்துப் பார்த்தாயிற்று, ஒரு அடமானம் தீர்ந்ததற்கான ரசீதுப் பத்திரம் மட்டும் இல்லை. தாய்ப்பத்திரத்தின் நகலை அடுத்த வாரம் தருவதாகப் புரோக்கர் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது கைக்கு வந்து வக்கீல் பார்க்கும்வரை ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கிடையாது என்று அக்கா சொல்லிவிட்டாள். செக் புத்தகமும் அவளிடம்தான் இருக்கிறது.