தடவிக் கொடுக்கத் தெரியுமா?

உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா? இருந்தால் ஒரு சின்ன சோதனை. பக்கத்தில் கூப்பிட்டு, மார்புப் பக்கமாகத் தடவிக் கொடுங்கள். மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பிறகு கையை எடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். ‘இன்னும் கொஞ்சம்’ என்று நெருங்கி வந்து ஒட்டுகிறதா, இல்லை உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு நடையைக் கட்டுகிறதா?

எங்கள் டைகர் நடையைக் கட்டினான். எட்டரை வருஷம் சோறு போட்டவன் நான். அவமானமாகத்தான் இருந்தது.

(டைகரை ‘அது’ என்று எழுதினால் வீட்டில் எனக்குச் சோறு போட மாட்டார்கள். ஆகவே ‘அவன்’.)

பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் எங்கள் தெருவே ஆறாக ஓடியபோது, மாடிப்படியில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த தெருநாய். ஒரு வயசு இருக்கும். பெயரிலாவது வீரம் இருக்கட்டும் என்று என் பையன் வைத்தது. ஊசி வெடிக்கே கட்டிலுக்கு அடியில் போய்விடுவான்.

மேலே போவதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் வந்த மூன்றாவது மாசம், வெள்ளத்தில் தப்பிப் பிழைத்த ஒரே ஆல்பத்தைக் கடித்துக் குதறிவிட்டான். அப்பா அம்மாவின் கல்யாண போட்டோ அதில்தான் இருந்தது. ஆபீஸிலிருந்து வந்த கையோடு, காலில் இருந்த செருப்பைக் கழற்றி அடித்தேன். நாலைந்து அடி இருக்கும். அவன் கத்தவில்லை. தரையோடு தரையாகப் படுத்து, இருந்த இடத்திலேயே சிறுநீர் போய்விட்டான்.

அதற்கப்புறம் அவனை நான் அடித்ததே இல்லை, சத்தியமாக. ஆனால் நான் கையைத் தூக்கினால் போதும், அது லைட் சுவிட்சுக்காக இருந்தாலும் சரி, தலையைத் தாழ்த்திக் கண்ணை இடுக்கிக்கொள்வான். யாராவது கேட்டால், ‘அது அவன் பழக்கம்’ என்பேன். எட்டு வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2024 கோடையில் பின்னங்கால்கள் தகராறு செய்ய ஆரம்பித்தன. எழுந்திருக்க இரண்டு மூன்று முயற்சி. படியேறுவது நின்றே போனது. பக்கத்து வீட்டுப் பெரியவர் தைல பாட்டிலோடு வந்துவிட்டார். நல்லவேளை, தடவவில்லை. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்பு மூட்டுத் தேய்மானம்.

“இருபத்தாறு கிலோவை இருபத்திரண்டு ஆக்குங்க. வழுக்குற டைல்ஸ் மேல மேட் போடுங்க. நான் எழுதித் தர்ற மாத்திரை மட்டும் குடுங்க. வீட்ல இருக்கற மனுஷ மாத்திரையைப் பாதி உடைச்சுப் போட்டீங்கன்னா கிட்னி போயிடும்” என்றார் டாக்டர். தைலத்தைப் பற்றிக் கேட்டேன். “நக்கிடுவான் சார். உள்ளே போனா விஷம்.”

மாத்திரையில் வலி குறைந்தது. ஆனால் ஆட்டோவில் ஏற்ற இடுப்பில் கை வைத்தால் உறுமல். வலிக்குமோ என்ற பயம் வலியைவிடப் பெரிதாகிவிட்டது. இந்த நேரத்தில்தான் பெங்களூரிலிருந்து அக்கா மகள் வந்தாள். கம்ப்யூட்டர் வேலை. லீவு நாட்களில் நாய்களுக்கான ‘டி-டச்’ என்ற தொடு சிகிச்சையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். நான் டைகரின் தலையில் பட் பட்டென்று தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“மாமா, நீங்க தடவிக் குடுக்கறீங்களா, தேங்காய் தட்டிப் பாக்கறீங்களா?”

டி-டச்சை உருவாக்கியவர் லிண்டா டெலிங்டன் ஜோன்ஸ். 1937-ல் கனடாவில் பிறந்தவர். அடிப்படையில் குதிரைக்காரர். எழுபதுகளில் மோஷே ஃபெல்டன்கிரைஸ் என்பவரிடம் பாடம் கேட்டார். அந்த மோஷே ஒரு சுவாரஸ்யமான ஆள். இயற்பியல்காரர், ஜூடோ வீரர். முழங்கால் கெட்டுப்போனதும், ‘நான் எப்படித்தான் நடக்கிறேன்?’ என்று தன் உடம்பையே ஆராய ஆரம்பித்தவர். பழக்கமில்லாத மெதுவான அசைவுகளைக் கொடுத்தால் நரம்பு மண்டலம் புதிதாகக் கற்றுக்கொள்ளும், பழைய வலிக்கோணலை விட்டுவிடும் என்பது அவர் கட்சி. மனுஷனுக்குச் சரி, குதிரைக்கும் ஏன் கூடாது என்று யோசித்தார் லிண்டா. 1983-ல் விரலால் சின்னச் சின்ன வட்டம் போடும் முறைக்கு வந்து சேர்ந்தார். அப்புறம் நாய், பூனை என்று விரிந்தது. மேகச் சிறுத்தை, ரக்கூன், மலைப்பாம்பு என்று ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒரு பெயர். கேட்டால் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் வண்டலூர் ஜூவுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். பயப்படாதீர்கள், விஷயம் எளிது.

நாயின் தோல்மேல் ஒரு சின்னக் கடிகாரம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். விரல் நுனிகளை ஆறு மணியில் வையுங்கள். அங்கிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் ஒரு முழு வட்டம். ஆறைத் தாண்டி எட்டு, ஒன்பது வரை போய் நிறுத்துங்கள். ஒரு மூச்சு. கையை எடுத்து வேறு இடத்தில் அடுத்த வட்டம். முடிமேல் விரல் வழுக்கக்கூடாது. விரலோடு தோல் நகர வேண்டும். எவ்வளவு அழுத்தம்? இங்கேதான் என் மானம் போனது. “கண்ணை மூடுங்க மாமா” என்றாள். “உங்க இமை மேலயே ஒரு வட்டம் போடுங்க. இதைவிட அழுத்தினா கண் வலிக்கும்னு தோணுதுல்ல? அதுக்குள்ளதான்.”

போட்டுப் பார்த்தேன். நான் இத்தனை வருஷமாக டைகரிடம் காட்டிய பாசத்தை என் இமைமேல் காட்டியிருந்தால் இன்றைக்குக் கண்ணாடி நம்பர் கூடியிருக்கும்.

அப்புறம் அவள் தரையில், அவனுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். தலைக்கு மேலே கை போகவில்லை. புறங்கையால் தோள்பட்டையில் இரண்டே வட்டம். கையை எடுத்துக் காத்திருந்தாள். டைகர் உதட்டை நக்கினான், முகத்தைத் திருப்பினான், எழுந்து போனான். அவள் தடுக்கவில்லை.

“அவ்ளோதானா உன் வைத்தியம்?”

“அவ்ளோதான். போனா விடணும். இன்னிக்குப் பாடம் அதான்.”

உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, முகம் திருப்புவது, கண்ணோரம் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாமே ‘போதும்’ என்பதற்கு நாய் பாஷையாம். ஹால் சுவரைப் பார்த்தேன். என் பையன் டைகரின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் போட்டோ. டைகரின் கண்ணில் பாதி வெள்ளை. ‘எப்படி சிரிக்கிறான் பாரு’ என்று சொல்லி ஃப்ரேம் போட்டு மாட்டி வைத்திருக்கிறோம்!

நமக்கு இந்த நீவிவிடுகிற சமாச்சாரம் புதுசில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, பேரப்பிள்ளையைக் குப்புறப் போட்டு எண்ணெய் நீவிக் குளிப்பாட்டிய பாட்டிகள் நம்மிடம் உண்டு. சுளுக்கு வழிப்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் பாட்டியும் சரி, சுளுக்குக்காரரும் சரி, ‘வழிக்கட்டுமா?’ என்று கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. கதறக் கதற வழித்துவிட்டு, ‘எல்லாம் சரியாப்போச்சு, ஓடு’ என்பார்கள். இங்கே இரண்டு வட்டத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டியிருக்கிறது. எனக்கு அது கஷ்டமாக இருந்தது. நான் யாரையும் அப்படிக் கேட்டுப் பழகியவன் இல்லை. வீட்டில் விசாரித்தால் விவரம் சொல்வார்கள்.

இதெல்லாம் நிஜமாகவே வேலை செய்கிறதா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. மனுஷனும் நாயும் இதமாகப் பழகும்போது இரண்டு பேருக்குமே ரத்த அழுத்தம் இறங்குகிறது, ஆக்ஸிடோசின் ஏறுகிறது என்று 2003-ல் தென்னாப்பிரிக்காவில் சோதித்துச் சொன்னார்கள். அது பொதுவான பாசத்துக்கான சான்று. இந்த வட்டங்களுக்கென்று தனியாகப் பார்த்தால் ஆதாரம் கொஞ்சம்தான். மூட்டுத் தேய்மானம் வட்டம் போட்டால் சரியாகாது. சரியாகும் என்று யாராவது காசு கேட்டால் கிளம்பி வந்துவிடுங்கள். முதலில் டாக்டர், எக்ஸ்ரே, மாத்திரை. இதெல்லாம் அதற்குப் பக்கவாத்தியம்தான்.

ஆனாலும் நான் நிறுத்தவில்லை. தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு, டி.வி.யை அணைத்துவிட்டு பத்து நிமிஷம். முதல் வாரம் மூன்று வட்டத்தில் போய்விடுவான். இரண்டாவது வாரம் போய்விட்டுத் திரும்பி வந்தான். ஒரு மாசம் கழித்து இடுப்புக்குப் பக்கத்தில் என் புறங்கை போனபோது உறுமவில்லை, பெருமூச்சு விட்டான். இன்னொரு லாபமும் உண்டு. இடது அக்குளுக்குள் கோலிக்குண்டு சைஸில் ஒரு கட்டி விரலில் தட்டுப்பட்டது. அன்றைக்குத் தூக்கம் போச்சு. டாக்டர் ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்து, வெறும் கொழுப்புக் கட்டி என்றார். எத்தனை நாளாக இருந்ததோ! தலையில் தட்டிக்கொண்டே இருந்தவனுக்கு அக்குள் எப்படித் தெரியும்?

அக்டோபர் 31, தீபாவளி. காலையில் ஒரு மணி நேரம், ராத்திரி ஏழிலிருந்து எட்டு வரைதான் வெடிக்கலாம் என்று அரசு உத்தரவு. எங்கள் தெரு அதைப் படித்ததாகத் தெரியவில்லை. அக்கா மகள் போனில் சொன்னபடி, கிரேப் பேண்டேஜை மார்பில் வைத்து, தோள்மேல் குறுக்காகப் போட்டு, வயிற்றடியில் கொண்டுபோய், முதுகெலும்பைத் தவிர்த்து ஓரமாக முடிந்தேன். இறுக்கக்கூடாது, சும்மா கட்டிப் பிடித்த மாதிரி இருந்தால் போதும். கட்டிவிட்டுத் தனியாக விட்டுப் போகவும் கூடாது. ஒரு வாரம் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கியிருந்தேன். காதை அடியிலிருந்து நுனி வரை மெதுவாக நீவிக்கொண்டே இருந்தேன்.

பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. ஒவ்வொரு வாலாவுக்கும் நடுங்கினான். ஆனால் கட்டிலுக்கு அடியில் போகவில்லை. என் தொடையில் முகவாயை வைத்துக்கொண்டு நடுங்கினான். பத்தே முக்கால் வரை அசையாமல் இருந்ததில் என் கால் மரத்துப்போய்விட்டது.

தெரு அடங்கியதும் பேண்டேஜை அவிழ்த்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டி, லைட் சுவிட்சுக்குக் கையைத் தூக்கினேன். தூக்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. குனிந்து பார்த்தேன்.

டைகர் தலையைத் தாழ்த்தவில்லை, கண்ணை இடுக்கவில்லை. கண் ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. தூங்கிவிட்டானோ என்னவோ.