வேறொருவர் தொடங்கிய பேருந்து

பாதியில் நிற்கும் பேருந்து வீட்டை வாங்க வருகிறவர்கள் முதலில் முடிந்த பாதியைத்தான் பார்க்கிறார்கள். மர அலமாரி, ஓடு பதித்த சமையல் மேடை, ஜன்னலோரக் கட்டில். விற்பவரும் அவற்றைத்தான் படம் எடுத்துப் போடுவார். தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டது என்றும் எழுதுவார். நான் உள்ளே ஏறியதும் தேடுவது முடியாத பாதியை. மூடாத சுவர், பலகை போடாத தரை, தொங்குகிற வயர். திறந்து கிடக்கும் இடத்தில் ஒளிக்க எதுவும் இல்லை. மூடிய இடத்துக்கு நான் காசு கொடுப்பதில்லை. அதைப் பிரித்துப் பார்க்கும் கூலியைக் கழித்துக்கொண்டுதான் விலை பேசுகிறேன்.

ஒஹாயோவில், ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்துகளை வீடாக மாற்றுவது என் தொழில். இங்கே அந்த வண்டிகளுக்கு ஸ்கூலி என்று பெயர். பேருந்தை ஏலத்தில் எடுத்து முதலிலிருந்து தொடங்குகிறவர்கள் நிறையப் பேர். நான் விரும்பி எடுத்துக்கொள்வது மற்றவர்கள் தொடங்கி, விட்டுப்போனவற்றை.

இந்த வேலைக்குப் பெரிய மரபே உண்டு. அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற பேருந்து வீடு கைமாறி வந்ததுதான். 1964இல் நாவலாசிரியர் கென் கீசி நண்பர்களோடு கலிபோர்னியாவிலிருந்து நியூயார்க் போன 'ஃபர்தர்', 1939ஆம் ஆண்டின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் பள்ளிப் பேருந்து. டாம் வுல்ஃப் 1968இல் அந்தப் பயணத்தை வைத்து ஒரு புத்தகமே எழுதினார். படங்களில் அதன்மேல் அள்ளிப் பூசிய வண்ணங்கள்தான் கண்ணில் படும். ஆனால் கீசி வாங்கும்போதே அதற்குள் படுக்கைகளும் சமையலிடமும் இருந்தன. ஆதர்டன் என்ற ஊரில் ஒரு தகப்பன் தன் பிள்ளைகளோடு ஊர் சுற்ற அமைத்தவை அவை. அந்த மனிதரின் கைவேலையைப் பற்றிப் பேச்சு அதிகம் எழுவதில்லை. எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

பாதியில் விடுவதற்குக் காரணங்கள் தெரிந்தவைதான்: பணம், பிரசவம், பிரிவு, முதுகு. காரணத்தைவிட எந்தக் கட்டத்தில் விட்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். இருக்கைகளைக் கழற்றிப்போட்டு, கூரைத் தகட்டின் ரிவெட்டுகளைப் பாதி எடுத்ததும் விட்ட வண்டி சிறந்தது. அதில் கெடுதல் எதுவும் நடந்திருக்காது. கடினமான கூலி வேலை மட்டும் முடிந்திருக்கும். தரையும் சுவரும் போட்டபின் விட்டது சந்தேகத்துக்குரியது. மின்சார வேலையில் விட்டதுதான் சிக்கல். அதுவரை உடல் வலுவும் ஆசையும் போதும். மின்சாரத்துக்குப் படிப்பு வேண்டும். அங்கே திணறியவர் அதற்கு முன்பே எத்தனை இடத்தில் ஊகித்துக்கொண்டு போனார் என்று பார்க்க வேண்டும்.

ஏமாற்றம் அதிகம் தரையில்தான். பள்ளிப் பேருந்தின் தரை மூன்று அடுக்கு: அடியில் இரும்புத் தகடு, அதன்மேல் ப்ளைவுட், அதற்கும் மேல் ரப்பர் விரிப்பு. இருக்கைக் கால்களைப் பிடிக்கும் போல்ட்டுகள் மூன்றையும் துளைத்துக்கொண்டு இறங்கும். இங்கே குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புத் தூவுவார்கள். பிள்ளைகளின் பூட்ஸில் ஒட்டிவந்த பனி உள்ளே உருகி, உப்புத் தண்ணீராக அந்தத் துளைகளுக்குள் போகும். ப்ளைவுட் அதைக் குடித்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் இரும்பின்மேல் ஈரத்துணி மாதிரி கிடக்கும். மேலே ரப்பர் மட்டும் நல்லபடியாகத் தெரியும். அவசரக்காரர் அந்தப் பழைய ரப்பரின் மேலேயே காப்புப் பலகை, அதற்கு மேல் மரத்தரை, அதற்கு மேல் அலமாரி என்று கட்டிக்கொண்டே போயிருப்பார்.

அதனால் வாங்கும் முன் வண்டிக்கு அடியில் படுத்துவிடுவேன். ஒரு டார்ச், சின்னச் சுத்தியல், பழைய ஸ்க்ரூடிரைவர். நல்ல தகடு தட்டினால் கணீரென்னும், அரித்தது மொத்தென்னும். சக்கர வளைவின் ஓரம், ஏறும் படியின் அடிப்பக்கம், பின்கதவின் கீழ் விளிம்பு, இந்த மூன்றும் முதலில் போகிற இடங்கள். அடியில் புதிதாகக் கறுப்புத் தார்ப்பூச்சு மின்னினால் சந்தேகம் கூடும்: துருவின்மேல் பூசிய தார் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். தரைத் தகடு ஓட்டையானால் பரவாயில்லை, அதே கனத்தில் தகடு வெட்டி வெல்டிங் வைக்கலாம். சேஸியின் நீளச் சட்டம் அடுக்கடுக்காகப் பெயர்ந்து வந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவேன். உள்ளே எத்தனை அழகான சமையலறை இருந்தாலும் சரி.

இப்படி வந்த ஒரு வண்டியை இங்கே சொல்லியாக வேண்டும். விற்க வந்தவர் கணவரை இழந்த ஒரு மூதாட்டி. கணவர் வாழ்நாள் முழுக்கத் தச்சராக இருந்தவர். ஓக் மரத்தில் அவர் செய்திருந்த அலமாரிகளைப் பார்த்து நான் வாய் பேசாமல் நின்றேன். பேருந்தின் சுவர் கூரைக்குப் போகப்போக உள்வாங்கி வளையும். ஒரு இடத்திலும் நேர்க்கோணம் கிடையாது. அந்த வளைவுக்கு அட்டையில் அச்சு வெட்டி, பலகையின் பின்விளிம்பை அதற்கேற்ப இழைத்து, ஒரு தாள் நுழையாத அளவுக்குப் பொருத்தியிருந்தார். கீழே தட்டிப் பார்த்தேன். இடது சக்கர வளைவிலிருந்து பின்கதவு வரை மொத்தென்றது.

மரத்தை அறிந்தவர், உப்புத் தண்ணீர் இரும்பை என்ன செய்யும் என்று அறியவில்லை. அவ்வளவுதான். அந்த அம்மாவிடம் சொன்னேன். "அவர் செய்ததையெல்லாம் உடைக்கப் போகிறீர்களா?" என்று கேட்டார்.

"கழற்றப் போகிறேன், அம்மா. ஒன்றைக்கூட உடைக்க மாட்டேன்."

அது கொடுக்கக்கூடிய வாக்குறுதியாக இருந்ததற்கும் அவர் கணவர்தான் காரணம். பசை போட்டு ஒட்டாமல் எல்லாவற்றையும் ஸ்க்ரூவால் பிடித்திருந்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் எழுதி, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்தது என்று பைகளில் போட்டுவைத்து, தரையை இரும்பு வரை உரித்தேன். நல்ல பகுதியில் கிரைண்டரில் வயர் பிரஷ் போட்டுத் துருவை எடுத்து, பாஸ்பாரிக் அமிலக் கரைசல் பூசி, எபாக்சி ப்ரைமர் அடித்தேன். போல்ட் துளைகளை மூட இங்கே பலர் ஒரு சென்ட் நாணயத்தைப் பசை வைத்து ஒட்டுவார்கள், அளவு பொருந்தும். 1982க்குப் பிந்தைய சென்ட் உள்ளே துத்தநாகம், மேலே செம்பு முலாம் மட்டும். அதை நம்பாமல் நான் இரும்பு வட்டு வெட்டி வெல்டிங் வைக்கிறேன். பிறகு அலமாரிகளைத் திரும்ப ஏற்றியபோது அவை தாமாகப் போய் உட்கார்ந்தன.

முன்னவர் வேலையை முழுக்கப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தொடங்குவதே சுலபம் என்று சொல்லும் தொழில்காரர்கள் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் யோசித்துத் தீர்த்த கணக்கை எறிந்தால் அதே கணக்கை நான் மறுபடி போட வேண்டும். கழற்ற முடிகிறதா, அடியைப் பார்க்க முடிகிறதா என்பதே என் கேள்வி. ஸ்க்ரூ போட்டதை வைத்துக்கொள்ளலாம். ஸ்ப்ரே ஃபோமுக்குள் குழாய்கூட இல்லாமல் புதைத்த வயரை வைத்துக்கொள்ள முடியாது. எல்லா இடுக்கிலும் சிலிக்கான் அப்பிய வண்டியும் அப்படித்தான்: சிலிக்கான் பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காது, வேறு பூச்சும் ஒட்டாது, ஜன்னல் ஜன்னலாகச் சுரண்டி எடுக்க வேண்டும்.

பேருந்தின் எலும்பு அதன் வளைவுகள். ஒரு பக்கத் தரையில் தொடங்கிக் கூரை வழியாக மறுபக்கத் தரைக்கு இறங்கும் இரும்புப் பட்டைகள். 1977 ஏப்ரல் 1 முதல் அமெரிக்காவில் வண்டி உருண்டால் கூரை எவ்வளவு பாரம் தாங்க வேண்டும், உடலின் தகட்டு இணைப்புகள் எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும் என்று பள்ளிப் பேருந்துக்கென்றே தனி விதிகள் உள்ளன. பெரிய ஜன்னல் வைக்கவும் கூரைக் கண்ணாடி வைக்கவும் இந்த வளைவுகளை அறுத்துவிட்டு ஒரு மரச்சட்டத்தை முட்டுக்கொடுத்திருப்பார்கள். தலை இடிக்கிறது என்று கூரையை உயர்த்துகிறவர்கள் எல்லா வளைவுகளையும் ஜன்னல் மட்டத்தில் அறுத்து, தூக்கி, நடுவில் இரும்பு சேர்ப்பார்கள். சரியாகச் செய்தால் நல்ல வேலை அது. பாதியில் விட்ட கூரை உயர்த்தலை வாங்கும்போது வெல்டிங்கின் முகத்தை மட்டும் பார்க்கக் கூடாது; இணைப்பின் உள்ளே தாங்குதுண்டு வைத்திருக்கிறாரா, முன்னும் பின்னும் சாயாமல் குறுக்குக் கம்பி போட்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது மறுபடி என் வேலை.

அதே வளைவுகள்தான் குளிரையும் உள்ளே கடத்தும். நடுவில் எத்தனை அங்குலக் காப்பு வைத்தாலும், வளைவின்மேல் நேரடியாகப் பலகை அடித்தால் ஒவ்வொரு பட்டைக்கும் எதிரே குளிர்காலக் காலையில் ஈரக்கோடு விழும். சுவரின் கறைக் கோடுகள் வளைவுகளின் இடைவெளியோடு பொருந்தினால் அது மழை ஒழுக்கல்ல, உள்ளே இருந்தவர்களின் மூச்சு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மின்சாரத்தில் நான் யாரையும் நம்புவதில்லை. உயிர் போகும் இடம் அது. இங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட். வீடு கட்டுகிறவர்களின் பழக்கப்படி, கடையில் வாங்கிய வீட்டு மின்பலகையை அப்படியே பேருந்தில் மாட்டுவார்கள். அதில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கும் ஒரு பச்சை ஸ்க்ரூ வரும். வீட்டில் அது இருக்க வேண்டும். பேருந்து முகாமில் போய் மின்கம்பத்தில் கேபிளைச் சொருகும்போது அந்த இணைப்பு வெளியே முகாமின் மின்பலகையில் ஏற்கெனவே இருக்கிறது. வண்டிக்குள்ளும் இணைத்தால் திரும்பிப் போகும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு எர்த் வயரிலும் வண்டியின் இரும்பு உடலிலும் ஓடும். கேபிளில் எர்த் விட்டுப்போய், நியூட்ரலும் அறுந்தால் பேருந்து முழுவதும் உயிர்மின்சாரம். ஈரத் தரையில் நின்று கதவுப் பிடியைத் தொடுகிற குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். நான் வாங்கும் எந்த வண்டியிலும் முதலில் மின்பலகையின் மூடியைக் கழற்றி அந்தப் பச்சை ஸ்க்ரூவைத் தேடுகிறேன். பிறகு மல்டிமீட்டர் வைத்து நியூட்ரலுக்கும் சேஸிக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஆனால் இன்வெர்ட்டரில் ஓடும்போது அந்த இணைப்பு தேவை; நல்ல இன்வெர்ட்டர்கள் ரிலே வைத்துத் தாமே சேர்த்துப் பிரித்துக்கொள்ளும்.

பேட்டரிப் பக்கம் ஆபத்து வேறு வகை. 12 வோல்ட்டில் 1,200 வாட் இழுத்தால் 100 ஆம்பியர். அதற்கு விரல் பருமன் கேபிள் வேண்டும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் வேண்டும். ஃப்யூஸ் வண்டியின் மறுகோடியில் இருந்தால் நடுவில் உள்ள கேபிளுக்குக் காவல் இல்லை. வண்டி ஆடிக்கொண்டே ஓடும் என்பதால் ஒற்றைக்கம்பி வயரை எடுத்துவிட்டுப் பல இழை வயர் போடுகிறேன். குளிரில் சார்ஜ் ஆவதைத் தானே நிறுத்தும் வசதியில்லாத லித்தியம் பேட்டரியை வெளிப்பெட்டியில் வைத்திருந்தால் உள்ளே கொண்டுவருகிறேன். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் அது கெட்டுப்போகும்.

எஞ்சின்களைப் பற்றிக் கவலை குறைவு. ஒஹாயோவில் ஓடும் காலத்தில் நெடுஞ்சாலைக் காவல் துறை பள்ளிப் பேருந்துகளைச் சோதித்துக்கொண்டே இருக்கும். டிடி466 போன்ற டீசல் எஞ்சின்கள் நீண்ட ஆயுள் உள்ளவை. கெடுப்பது நின்ற காலம். டயரின் பக்கச்சுவரில் உள்ள நாலிலக்கம் எந்த வாரம், எந்த ஆண்டு செய்தது என்று சொல்லிவிடும். பிரேக் டிரம் துருப்பிடித்திருக்கும், எலி வயரைக் கடித்திருக்கும்.

பின்கதவை மறைத்துக் குளியலறை கட்டிய வண்டிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அது அவசர வழி. கட்டில் பின்பக்கம், அடுப்பு முன்பக்கம், தீ நடுவில் என்றால் தூங்குகிறவருக்கு வேறு வழி இல்லை. அந்தச் சுவரை மட்டும் யார் கேட்டாலும் இடிப்பேன்.

பத்திரம் மாற்றுவது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். மோட்டார் வீடு என்பதற்குக் கூட்டரசின் விளக்கத்தில் சமையல், குளிர்பெட்டி, கழிப்பறை, வெப்பம் அல்லது குளிரூட்டல், குழாயும் கழுவுதொட்டியும் உள்ள குடிநீர், தனி மின்சாரம் அல்லது எரிவாயு இவற்றில் குறைந்தது நான்கு இருக்க வேண்டும். விற்பவர் கையில் பேருந்து என்றே பத்திரம் இருந்தால் காப்பீட்டுக்கு அலைய வேண்டிவரும்; அதையும் விலையில் கழிப்பேன்.

விற்பவரிடம் நான் கடைசியில் கேட்பது சுவரை மூடுவதற்கு முன் எடுத்த படங்களும் எழுதிவைத்த கணக்கும். அந்த மூதாட்டி கணவரின் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய வரைபடத்தில் 80 காலன் தண்ணீர்த் தொட்டி பின் ஆக்சிலுக்கும் பின்னால், கட்டிலுக்கு அடியில் இருந்தது. நிரம்பினால் 300 கிலோ. பேருந்தின் பின்பகுதி ஆக்சிலைத் தாண்டி நெடுந்தூரம் நீளும்; அங்கே ஏற்றும் பாரம் முன்சக்கரத்தைத் தூக்கும், திருப்பும் பிடி குறையும். தொட்டியை ஆக்சிலுக்கு முன்னால் மாற்றப் போகிறேன் என்று காரணத்தோடு சொன்னேன். அவர் இருந்திருந்தால் உங்களோடு வாதாடியிருப்பார் என்றார் அந்த அம்மா. மாற்றியதை அதே நோட்டில் எழுதிவையுங்கள் என்றார். அவருடைய வரைபடத்துக்கு எதிர்ப்பக்கத்தில் எழுதினேன்: தொட்டியின் புதிய இடம், மாற்றிய காரணம், லாரி நிறுத்தத்தின் எடைமேடையில் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் காட்டிய எடை, எந்த வயருக்கு எத்தனை ஆம்பியர் ஃப்யூஸ், இடது சக்கர வளைவைப் பார்க்க வேண்டுமானால் எந்த அலமாரியின் எந்த நாலு ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும்.