எல்லோரும் பல்பைத்தான் மாற்றுகிறார்கள்

திங்கள்

வால்பாறையிலிருந்து இறங்கிய ஜீப் ஒன்று, பொள்ளாச்சியில் உள்ள ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறைக்குக் காலையிலேயே வந்து நிற்கிறது. பம்பரில் இரண்டு 55 வாட் ஹாலஜன் டிரைவிங் லைட்டுகள். எரிகின்றன, ஆனால் பழுப்பாக, அழுது வடிகின்றன. 40 கொண்டை ஊசி வளைவுகளை இந்த வெளிச்சத்தில் இறங்கி வந்த எரிச்சல் ஓட்டுநர் முகத்தில் தெரிகிறது. "பல்பு மாத்தியாச்சுங்க, பேட்டரியும் புதுசுங்க" என்கிறார்.

பட்டறையில் தொழில் பழகும் பையன் லைட்டின் கப்ளரைக் கழற்றுகிறான். மல்டிமீட்டர் முனைகளை உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, 13.8 வருதுங்ணா. லைன் நல்லாத்தான் இருக்குது" என்கிறான்.

"கழட்டி வெச்சுப் பார்த்தா எல்லா லைனும் நல்லாத்தான்டா இருக்கும். மாட்டி, எரிய விட்டுப் பாரு" என்கிறார் எலக்ட்ரீஷியன்.

தோப்பில் சொட்டுநீர்க் குழாயின் வாய்களை அடைத்து வைத்திருக்கும்வரை கடைசித் தென்னையிலும் அழுத்தம் முழுசாகவே காட்டும். திறந்துவிட்டால்தான் எங்கே அடைப்பு என்று தெரியும். வயரிங்கும் அப்படித்தான். கரண்ட் ஓடாதபோது வோல்டேஜ் குறையாது. வயருக்குள் எல்லா இழையும் அறுந்து ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 'பீப்' அடிக்கும். இரண்டு லைட்டும் சேர்ந்து இழுக்கும் 9 ஆம்பியரை அந்த ஒற்றை இழையால் கொடுக்க முடியாது.

இன்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு அளந்தால் பல்புக்குக் கிடைப்பது 11.2 வோல்ட்தான். மீதி 2.6 வோல்ட் வழியில் எங்கோ கரைகிறது. பேட்டரி பிளஸ்ஸில் ஒரு முனை, பல்பின் பிளஸ்ஸில் மறுமுனை வைத்தால் 0.3. பேட்டரி மைனஸுக்கும் லைட்டின் பாடிக்கும் இடையில் வைத்தால் 2.3. ஆக, கோளாறு எர்த்தில். பம்பருக்குப் பெயின்ட் அடித்தவர்கள் எர்த் போல்ட்டைப் பெயின்ட்டின் மேலேயே முறுக்கியிருக்கிறார்கள். அடியில் துரு வேறு.

உப்புத்தாளால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, புது லக் போட்டு, சேஸிஸுக்கே நேராக எர்த் கொடுத்ததும் 2.3 என்றிருந்தது 0.1 ஆகிறது. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜின் ஏறத்தாழ 3.4-ஆவது அடுக்குக்கு ஏற்ப ஏறி இறங்கும். அதனால் 13.8 வோல்ட்டுக்குப் பதில் 11.2 கிடைத்தால் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்கு அல்ல, பாதியாகவே குறைந்துவிடும்.

செவ்வாய்

மழை. வருகிற வண்டியெல்லாம் தண்ணீர் புகுந்த வண்டி. வயரை வெட்டாமல், மேலே கவ்விக் கடித்து இணைப்பு எடுக்கும் பிளாஸ்டிக் கிளிப்பை எலக்ட்ரீஷியன் கண்டாலே பிடுங்கி எறிகிறார். அந்தக் கடிவாய் வழியாக ஈரம் இறங்கி, தாமிரத்தில் பச்சைக் களிம்பு பிடித்து, இன்சுலேஷனுக்குள்ளேயே வெகுதூரம் ஓடிவிடுகிறது. வெளியே வயர் புதிதாகவே இருக்கும். விரலால் வளைத்தால் உள்ளே நறநறக்கும்.

புதன்

சரக்கு வேன். சமதளத்தில் ஒன்றுமில்லை, வேகத்தடையில் ஏறி இறங்கினால் பம்பர் லைட்டுகளின் ஃபியூஸ் போகிறது. டாஷ்போர்டில் உதிரி ஃபியூஸ்களை ஒரு பொட்டலமாகவே வைத்திருக்கிறார் உரிமையாளர்.

ஃபியூஸைப் போட்டுப் போட்டு எரித்துக்கொண்டிருந்தால் ஷார்ட் எங்கே என்று தெரியப்போவதில்லை. எலக்ட்ரீஷியன் ஃபியூஸ் இருந்த இடத்தில் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை இரண்டு துண்டு வயரால் இணைக்கிறார். பம்பரில் உள்ள லைட்டுகளின் கப்ளர்களைக் கழற்றிவிட்டு, சுவிட்சை ஆன் செய்கிறார். எங்காவது ஷார்ட் ஆனால் இந்தப் பல்பு எரியும். எத்தனை பெரிய ஷார்ட்டாக இருந்தாலும் சுமார் 5 ஆம்பியருக்கு மேல் பல்பு விடாது என்பதால் வயர் கருகாது. பையன் ரேடியேட்டரிலிருந்து தொடங்கி வயர் கட்டை ஒவ்வொரு சாணாக அசைத்துக்கொண்டே வருகிறான். இன்ஜினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தகட்டுத் துளையருகே கை வந்ததும் பல்பு பளிச்சென்று எரிகிறது. துளையில் இருக்க வேண்டிய ரப்பர் வளையத்தைக் காணோம். தகட்டு விளிம்பு வயரின் தோலை அறுத்து, தாமிரம் நூலளவுக்கு வெளியே தெரிகிறது.

வெள்ளி

வேடிக்கையான கேஸ். சுவிட்சை ஆன் செய்தால் லைட் அணைகிறது, ஆஃப் செய்தால் எரிகிறது. வண்டியோடு வந்தவர்கள் சுவிட்ச்மேல் சந்தேகப்படுகிறார்கள். எலக்ட்ரீஷியன் ரிலேயைப் பார்க்கிறார்.

ரிலேயின் கால்களில் பொறித்திருக்கும் எண்களுக்கு ஜெர்மனியின் டின் 72552 தரநிலைதான் மூலம். 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் காயிலுக்கு. 30-இல் பேட்டரி கரண்ட் வரும், 87 வழியாக லைட்டுக்குப் போகும். ஐந்து கால் ரிலேயில் நடுவே 87ஏ என்று இன்னொன்று உண்டு. ரிலே இழுக்காதபோது 30 அதோடுதான் ஒட்டியிருக்கும். லைட் வயரை யாரோ அந்த நடுக்காலில் சொருகியிருக்கிறார்கள். வயரை இடம் மாற்றியதும் வேலை முடிந்தது.

"அதான் ரிலே டிக்குனு சத்தம் குடுத்துதே அண்ணா?" என்று பையன் கேட்கிறான். சத்தம் வந்தால் காயில் வேலை செய்கிறது என்று பொருள்; லைட் கரண்ட் ஓடும் பாதை வேறு. காண்டாக்ட் கருகிய ரிலேகூட டிக் என்று சத்தம் போடும். 30-ஐயும் 87-ஐயும் சாக்கெட்டில் ஒரு துண்டு வயரால் சேர்த்துப் பார்த்து, லைட் எரிந்தால் ரிலேவையோ அதன் காயில் லைனையோ சந்தேகிக்கலாம். எரியாவிட்டால் 30-க்கு வரும் சப்ளை, லைட்டுக்குப் போகும் வயர், எர்த் என்று தேட வேண்டும்.

சனி

இன்று ரிப்பேர் இல்லை, புதிய வேலை. கூரையில் சர்ச் லைட் மாட்டித் தரச் சொல்கிறார் ஒருவர். எலக்ட்ரீஷியன் மறுக்கிறார். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111-ஆவது விதி, பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் வண்டியின் முன்னால் ஸ்பாட் லைட்டோ சர்ச் லைட்டோ வைக்கக் கூடாது என்கிறது. தவிர, மூடுபனியில் உயரத்திலிருந்து அடிக்கும் வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு ஓட்டுகிறவர் கண்ணுக்கே திரும்பும். பேசி முடித்து, பம்பருக்குக் கீழே ஃபாக் லைட் என்று முடிவாகிறது.

வாடிக்கையாளர் தானே வாங்கிவந்த வயர் 0.5 சதுர மில்லிமீட்டர். அதில் 4 மீட்டர் தூரத்துக்கு 9 ஆம்பியரை ஓட்டினால் போகிற வழியிலேயே 1.4 வோல்ட் தொலைந்துவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் அது 0.3-ஐத் தாண்டாது. தடித்த வயர், பேட்டரியை ஒட்டியே 15 ஆம்பியர் ஃபியூஸ், அடுத்து ரிலே. காயிலுக்கு மட்டும் பார்க்கிங் லைட் லைனிலிருந்து மெல்லிய வயர்.

"30 ஆம்பியர் ஃபியூஸாப் போட்டுட்டா போகவே போகாதில்லீங்களா?"

"ஃபியூஸ் போகாதுங்க. வயர் போயிருங்க."

பையன் 15 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டை ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் டேப் போட்டு ஒட்டுகிறான். லைட்டைப் போட்டு, எர்த் பக்கம் ஒரு தடவை அளந்து, மூடியின்மேலேயே மார்க்கரால் 0.1 என்று எழுதிவிட்டுப் பானெட்டைச் சாத்துகிறான்.