சரியான விடை

உலக நகரங்கள் பற்றிய வினாவிடைகளில் எனக்கு இளம் வயதிலிருந்தே ஒரு மயக்கம் உண்டு. பொது அறிவுப் புத்தகங்களில் வரும் 'நாடுகளும் தலைநகரங்களும்' என்ற பட்டியல்தான் எங்களில் பலர் முதன்முதலில் பார்த்த உலகம். துருக்கி என்றால் இஸ்தான்புல் அல்ல, அங்காரா. அவுஸ்திரேலியா என்றால் சிட்னி அல்ல, கன்பரா. பெரிய நகரைச் சொல்லி ஏமாறாதவனே வகுப்பில் கெட்டிக்காரன்.

இன்று அந்தப் பட்டியல் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. நகரின் பெயரைக் காட்டுவார்கள். வெற்று வரைபடத்தில் அதன் இடத்தைத் தொடவேண்டும். எத்தனை கிலோமீற்றர் தவறியது என்று உடனே கணக்குச் சொல்லும்.

ஆனால் விடைகள் அவ்வளவு உறுதியானவையல்ல. கஸகஸ்தானின் தலைநகர் 1997இல் அல்மாட்டியிலிருந்து அக்மோலாவுக்கு மாறியது. அக்மோலா 1998இல் அஸ்தானாவாயிற்று. 2019இல் பதவி விலகிய ஜனாதிபதியின் பெயரால் நூர் சுல்தான் ஆனது. 2022இல் மீண்டும் அஸ்தானா. ஊர் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. மனனம் செய்த பிள்ளைகள்தாம் அலைந்தார்கள்.

நமது நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1982இல் தியவன்னா ஓயாவில் புதிய பாராளுமன்றம் திறக்கப்பட்டது. விடை ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே. ஆயினும் ஊரில் இரவு பஸ் ஏறுகிற எவரும் கோட்டேக்குப் போவதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோரும் கொழும்புக்குத்தான் போகிறார்கள்.

இவை சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. ஜெரூசலம் அப்படியல்ல. முழு நகரையும் தன் தலைநகராக இஸ்ரேல் 1980இல் சட்டமாக்கியது. ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 478ஆம் தீர்மானம் அதை ஏற்க மறுத்தது. 2018இல் அமெரிக்கா தனது தூதரகத்தை அங்கு கொண்டுபோனது. கிழக்கு ஜெரூசலமே தமது தலைநகர் என்கிறார்கள் பலஸ்தீனர்கள். நான்கு தெரிவுகளில் ஒன்றைத் தொட்டதும் பச்சை நிறம் விழுகிறது. அந்தப் பச்சையை யார் தீர்மானித்தார் என்று எந்த வினாடி வினாவும் சொல்வதில்லை.

எனது உம்மா இந்தப் போட்டிகளில் ஒரு புள்ளியும் எடுக்கமாட்டார். சவூதியின் தலைநகர் ரியாத் என்பது அவருக்கு ஒரு பொருட்டேயல்ல. மூத்த காக்கா பதினொரு வருடங்கள் தம்மாமில் இருந்தார். ஆகவே உம்மாவுக்கு சவூதி என்றால் தம்மாம். இராச் சாப்பாடு வைக்கும்போது சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பார்.

"இஞ்ச ஒம்பது எண்டா அங்க ஆறரை. இப்பதான் வேல உட்டு வந்திருப்பான்."

கடலோரம் என்றாலும் வெயில் காலத்தில் உடுப்பு உடம்போடு ஒட்டிக்கொள்ளும் புழுக்கம் என்பதும், ரியாதிலிருந்து அங்கு ரயில் வருகிறது என்பதும் கடிதங்களை வாசிக்கக் கேட்டு அவர் அறிந்தவை. பெண்பிள்ளைகள் எங்கள் வீட்டில் படித்து முடித்தது அந்த நகரத்துச் சம்பளத்தில்தான். பட்டியலில் அதற்கு இடமில்லை, அது தலைநகரல்ல.

வினாடி வினாக்களை நான் குறைசொல்லவில்லை. ஒரு பெயரைச் சரியாகத் தொட்ட பிள்ளை அடுத்ததாக என்ன கேட்கிறது என்பதில்தான் இருக்கிறது விஷயம். அண்மையில் காக்காவின் மகளுக்கு அந்த விளையாட்டில் தம்மாம் வந்தது. ஒன்பது கிலோமீற்றர் தவறிவிட்டது. அவள் அடுத்த நகருக்குப் போகாமல் உம்மாவிடம் திரும்பினாள்.

"வாப்பும்மா, வாப்பா இருந்த வீடு கடலுக்குக் கிட்டவா?"

"நடந்து போற தூரந்தான் மகள்" என்றார் உம்மா.