இரும்புக்கு உலை இருக்கு... ஃபைபர் படகுக்கு? பழவேற்காட்டுக் கரையில் ஒரு மராமத்துக் கதை!

சென்னை சென்ட்ரலை ஒட்டிய புறநகர் ரயில் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினால், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஸ்டேஷன்கள் வரிசையாக வந்துபோகும். கடைசி நிறுத்தம் கும்மிடிப்பூண்டி. இறங்கி சிப்காட் பக்கம் நடந்தால் லாரிகளின் சத்தம் காதை அடைக்கும். லாரிகளில் பழைய இரும்பு. உடைந்த ஜன்னல் கம்பி, துருப்பிடித்த பைப், நசுங்கிய டிரம் என எல்லாம் உலைக்குப் போய், வீடு கட்டும் கம்பியாகத் திரும்பி வருகிறது. இரும்புக்கு இந்த ஊரில் மறுபிறவி நிச்சயம்.

இங்கிருந்து கிழக்கே போனால், அதே திருவள்ளூர் மாவட்டத்தில், பழவேற்காடு ஏரிக்கரை. அங்கே மணலில் கவிழ்த்துப் போட்டிருக்கும் பழைய ஃபைபர் படகுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. எடைக்குப் போட்டால் வாங்க ஆள் கிடையாது. உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது. எரித்தால் கரும்புகை. புதைத்தால் மக்காது. ஒன்று, அதைப் பழுதுபார்த்துத் தண்ணீரில் இறக்க வேண்டும். இல்லையென்றால் அது கரையிலேயே கிடக்கும். பழவேற்காட்டில் படகு மராமத்து என்பது பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு!

ஏரியும் பாயும்

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தென்கோடியும் மேற்குக் கரையின் ஒரு பகுதியும் தமிழ்நாட்டுக்கு. ஆரம்பாக்கம், சுண்ணாம்புக்குளம் போன்ற கும்மிடிப்பூண்டி வட்டாரத்து ஊர்களும் இந்த ஏரியை நம்பி வாழ்பவைதான். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. அங்கிருந்து ராக்கெட் கிளம்பினால், வலை வீசிக்கொண்டிருப்பவர் படகிலிருந்தே அண்ணாந்து பார்க்கலாம்.

இந்த ஏரிக்கு இன்னொரு பழைய முகமும் உண்டு. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் துணி ஏற்றுமதிக்கு அவர்களுக்கு இதுதான் முக்கியத் தளம். இன்று கோட்டை இடிந்து மேடாகிவிட்டது. மண்டை ஓடு செதுக்கிய கல்லறைகள் மட்டும் கம்பி வேலிக்குள் இருக்கின்றன.

ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். பல இடங்களில் இறங்கி நடந்தே போகலாம். மோட்டார் வைத்த படகின் விசிறி சேற்றிலும் பாசியிலும் சிக்கும் இடம் நிறைய. அங்கேதான் மூங்கில் கழியும் பாயும் கைகொடுக்கின்றன. காற்று ஒத்துழைத்தால் பாயை விரித்துவிட்டுப் போகலாம். எண்ணெய்ச் செலவு இல்லை, மீனை விரட்டும் சத்தமும் இல்லை. வாடை எப்போது அடங்கும், கொண்டல் எப்போது எழும், கச்சான் எந்த மாதம் முறுக்கும் என்பதெல்லாம் கரைப்பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டாத பாடங்கள்.

மரத்திலிருந்து கண்ணாடிக்கு

ஃபைபர் என்று நாம் சுருக்கமாகச் சொல்வது கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த கலவை. 1930-களில் அமெரிக்காவில் கண்ணாடியை நூல்போல இழுக்கும் முறை பிடிபட்டது. அடுத்த பத்தாண்டில் அங்கே சின்னப் பாய்மரப் படகுகளை இதில் வார்க்க ஆரம்பித்தார்கள். மரத்தைப்போல உளுக்காது, இரும்பைப்போலத் துருப்பிடிக்காது என்பதால் உலகம் முழுக்கப் பரவியது.

நம் கரைக்கு அது கொஞ்சம் மெதுவாகத்தான் வந்தது. ஐ.நா-வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு, வங்காள விரிகுடா திட்டத்தை 1979-ல் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கியது. அலை அடிக்கும் மணற்கரையில் நேராக ஏறி இறங்கக்கூடிய ஃபைபர் படகுகளை வடிவமைத்துச் சோதித்தது அந்தத் திட்டத்தின் வேலைகளில் ஒன்று. இன்னொரு பக்கம், கட்டுமரத்துக்கான மரம் கிடைப்பது அரிதாகி, விலையும் ஏறியது. அதனால் மெல்ல மெல்ல ஃபைபர் நுழைந்தது. அந்தக் காலத்துக் கார் மோகத்தில் சில ஊர்களில் இதற்கு 'மாருதி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!

2004 டிசம்பர் 26 எல்லாவற்றையும் மாற்றியது. சுனாமியில் கட்டுமரமும் வள்ளமும் அடித்துப்போனபின், அரசும் தொண்டு நிறுவனங்களும் ஃபைபர் படகுகளை அள்ளிக் கொடுத்தன. கேட்டது ஏராளம், கட்டத் தெரிந்தவர்கள் சிலரே. கடற்கரை முழுக்கத் திடீரென முளைத்த பட்டறைகளில் அவசர அவசரமாகப் படகுகள் வார்க்கப்பட்டன. பூச்சு மெல்லியது, காற்றுக்குமிழ் அதிகம், உள்ளே வைத்த பலகை ஈரப் பலகை. இந்தக் குறைகளை அப்போதே நிபுணர்கள் சுட்டிக்காட்டினார்கள். அந்தத் தலைமுறைப் படகுகளுக்கு இப்போது 20 வயது. கரையில் மராமத்துக்குக் காத்திருப்பவற்றில் அவையும் உண்டு.

தட்டினால் சொல்லும்

பழைய படகைச் சரிசெய்வதில் முதல் வேலை, அதைத் தட்டிக் கேட்பது. சின்னச் சுத்தியலோ, ஒரு நாணயமோ போதும். அணியத்திலிருந்து பின்பக்கம் வரை சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். 'டக் டக்' என்று கணீரென ஒலித்தால் உள்ளே நலம். 'தொப் தொப்' என்று மந்தமாக ஒலித்தால் அங்கே அடுக்கு பிரிந்திருக்கிறது, அல்லது உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்வார்கள்.

"என்ன சித்தப்பா, தேறுமா?" என்று கேட்பவருக்குப் பதில் உடனே வராது. முழுப் படகையும் தட்டி முடித்தபின்தான், "உடம்பு நல்லாத்தான் இருக்குடா, பின்பலகைதான் போயிடுச்சு" என்பது போன்ற தீர்ப்பு வரும். பழைய படகுகளில் அதிகம் கெடுவது இந்தப் பின்பலகைதான். மோட்டாரைத் தாங்க ஃபைபருக்கு நடுவே ஒட்டுப்பலகை வைத்திருப்பார்கள். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் கசிந்து, பலகை உள்ளுக்குள்ளேயே புட்டுப்போல உதிர்ந்திருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அடுத்தது கொப்புளம். ஆண்டுக்கணக்கில் தண்ணீரிலேயே கிடக்கும் படகின் அடியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கிளம்பும். ஊசியால் குத்தினால் புளித்த வாடையோடு திரவம் வடியும். மேல்பூச்சைத் தாண்டித் தண்ணீர் ஊறி, ரெசினில் உள்ள வேதிப்பொருள்களோடு கலந்துவிட்டதன் அடையாளம் அது. மேலே பெயின்ட் அடித்து மறைத்தால் ஆறு மாதத்தில் மறுபடி எட்டிப்பார்க்கும். சுரண்டி எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, உப்புப் போக நாள்கணக்கில் வெயிலில் காயவைப்பதே வழி. அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் யாரும் இந்த வேலையைத் தொடுவதில்லை. ஈரம் இருந்தால் ரெசின் பிடிக்காது.

பன்னிரண்டு மடங்குக் கணக்கு

விரிசலை அடைக்க மேலே ஒரு துண்டு மேட்டை ஒட்டினால் போதும் என்று நினைப்பது பெரிய தவறு. அந்த ஒட்டு முதல் பெரிய அலையிலேயே உரிந்து வந்துவிடும். விரிசலைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்து எடுக்க வேண்டும். சுவரின் கனத்தைப்போல 12 மடங்கு அகலத்துக்கு அந்தச் சரிவு இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்கப் படகுப் பட்டறைகளில் இருக்கும் கணக்கு. 6 மில்லிமீட்டர் கனமுள்ள படகு என்றால், விரிசலின் ஒவ்வொரு பக்கமும் 72 மில்லிமீட்டர். உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்தச் சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடி இழை மேட்டை வைத்து, ரெசின் ஊற்றி, ரோலரால் உருட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். மேட் எடையைப்போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூடுதலாக ரெசின் பிடிக்கும். குறைந்தால் வறண்டு வெள்ளையாகத் தெரியும். கூடினால் மொறுமொறுவென உடையும்.

ரெசினைக் கெட்டியாக்க இரண்டு பொருள்கள் சேர்ப்பார்கள். ஒன்று கோபால்ட், இன்னொன்று எம்.இ.கே.பி எனும் ஹார்டனர். இதில்தான் உயிர் ஆபத்து இருக்கிறது. இந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடு ஒன்று கலந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் செய்யலாம். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, வேலை தொடங்கும் நேரத்தில்தான் ஹார்டனரைச் சேர்க்க வேண்டும். அதுவும் ரெசின் எடையில் 1 முதல் 2 சதவிகிதம். சித்திரை வெயிலில் வாளி கையிலேயே சூடேறிக் கட்டியாகிவிடும் என்பதால், கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதே புத்திசாலித்தனம்.

ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் வாடை தலையைச் சுற்றவைக்கும். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் தோலில் அரிப்பையும், மூச்சில் போனால் நெஞ்சில் தொல்லையையும் தரும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்வது பல கரைகளில் இன்னும் வழக்கம். துண்டு தூசியைக் கொஞ்சம் தடுக்கும். ஆவியைத் தடுக்காது. அதற்குரிய வடிகட்டி வைத்த முகமூடி, கையுறை, கண்ணாடி மூன்றும் ரெசின் வாளியோடு சேர்த்து வாங்க வேண்டியவை.

பாய் கட்டுவதற்கு முன்...

மோட்டாருக்காக வார்த்த படகில் சும்மா ஒரு கம்பை நட்டுப் பாயைக் கட்டிவிட முடியாது. காற்று பாயில் மோதும்போது அதன் முழு விசையும் கம்பின் அடியில்தான் இறங்கும். அந்த இடத்தில் கூடுதல் அடுக்குகள் போட்டு, கட்டையை வைத்து வலுவேற்ற வேண்டும். தட்டையான அடிப்பகுதி கொண்ட படகு காற்றில் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகும். அதைப் பிடித்து நிறுத்தப் பக்கத்தில் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். ஆழம் குறைந்த இடம் வந்தால் அந்தப் பலகையைத் தூக்கிக்கொள்ளலாம். பழவேற்காடு மாதிரியான ஏரிக்கு அது பொருத்தம்.

தெற்கே சென்னைத் துறைமுகத்துக்குள் இதே ஃபைபர் வேறு வடிவத்தில் மிதக்கிறது. 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும், தமிழ்நாடு பாய்மரப் படகு சங்கமும் அங்கிருந்துதான் இயங்குகின்றன. சிறுவர்கள் பழகும் 'ஆப்டிமிஸ்ட்' படகு வெறும் 2.3 மீட்டர் நீளம். 1947-ல் அமெரிக்காவில் ஒட்டுப்பலகையில் பிறந்து, பிறகு ஃபைபருக்கு மாறியது. அந்தத் துறைமுகத் தண்ணீரில் கோடைப் பயிற்சி முகாமில் பழகிய நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். விளையாட்டுப் படகோ, வலை ஏற்றும் படகோ, மராமத்து விதி ஒன்றுதான். உப்பை நல்ல தண்ணீரில் கழுவு, வெயில் படாமல் மூடிவை, போல்ட் துளைகளை வருடத்துக்கு ஒருமுறை பார்.

மறக்கக் கூடாத ஒரு நாள்

2011 கிறிஸ்துமஸ் தினத்தன்று, பழவேற்காட்டில் சுற்றிப்பார்க்க வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஒரே குடும்பத்து உறவுகள். எத்தனை பேர் ஏறலாம் என்பதும், லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்பதும் கேட்காமல் விடக்கூடிய கேள்விகள் இல்லை என்பதை அந்த நாள் சொல்லிவிட்டுப் போனது.

ஃபைபர் தண்ணீரைவிடக் கனமான பொருள். மரம்போலத் தானாக மிதக்காது. கவிழ்ந்து தண்ணீர் நிறைந்த படகை மிதக்க வைப்பது, உட்காரும் பலகைக்கு அடியிலும் அணியத்திலும் அடைத்துவைத்த ஃபோம்தான். பழைய படகுகளில் அந்த ஃபோம் தண்ணீர் குடித்துக் கனத்திருக்கும், அல்லது சாமான் வைக்க இடம் வேண்டுமென்று யாரோ பிடுங்கியிருப்பார்கள். மராமத்தின்போது காசு போதவில்லை என்றால் பெயின்ட்டைத் தள்ளிப்போடலாம். ஃபோமைத் தள்ளிப்போடக் கூடாது.

போக நினைப்பவர்களுக்கு...

பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்குப் பேருந்து கிடைக்கும். பூநாரைகளையும் பார்க்க வேண்டுமென்றால் மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்கள் நல்லது. படகு வேலையைப் பார்க்க வெயில் காலம். காலையில் போனால் மீன் ஏலம், டச்சுக் கல்லறை, ஏரிக்கரை என்று மதியத்துக்குள் சுற்றிவிடலாம். முகத்துவாரத்தில் நீரோட்டம் இழுக்கும். குளிக்க இறங்க வேண்டாம். படகு சவாரிக்கு யாராவது அழைத்தால் அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கரையில் கவிழ்த்துவைத்த படகு எதையாவது பார்த்தால், பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு ஒருமுறை விரலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால், அடுத்த முறை நீங்கள் வரும்போது அது ஏரியில் இருக்கும்.